மஞ்சளை விடுங்கள்: டக்ட் வேலைக்குக் கட்டர் வாங்குவது எப்படி?

சோழிங்கநல்லூரைத் தாண்டி, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகக் கட்டடம். நான்காவது மாடியில் சுவருக்கு இன்னும் பூச்சு முடியவில்லை. ஆனால் மேலே ஏ.சி. டக்ட்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. மரையிட்ட கம்பிகளில் கட்டித் தூக்கிய ஜி.ஐ. தகட்டுப் பெட்டிகள், ஒன்றோடொன்று ஃபிளேஞ்ச் போட்டு இணைத்தவை. அவற்றின் அடிப்பக்கத்தில் ஆங்காங்கே எட்டு அங்குல ஓட்டை வெட்டி, காலர் பொருத்தி, அதிலிருந்து வளையும் குழாயை இழுத்து சீலிங்குக்குக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது அந்த வேலைதான். தகடு வெட்டும் கைக்கத்தரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுத வேண்டும், நேரில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, சைட் மேஸ்திரி தலைக்கவசம் ஒன்றை நீட்டிவிட்டு, "செருப்போட வராதீங்க சார், ஷூ போட்டுக்குங்க" என்றார். காரணம் தரையைப் பார்த்ததும் புரிந்தது. ஊசி ஊசியாகத் தகட்டுச் சீவல்கள் எங்கும் கிடந்தன.

சாரத்தின் மேல் நின்றிருந்த இளைஞர் ஓட்டைக்கு வட்டம் கீறி முடித்திருந்தார். நடுவில் ஸ்க்ரூடிரைவரை வைத்து சுத்தியால் ஒரு தட்டு. துளை விழுந்தது. அதில் கட்டரை நுழைத்து வெட்டத் தொடங்கினார். மஞ்சள் பிடி போட்ட கட்டர். இரண்டு அங்குலம் நன்றாகப் போனது. கோடு வளைய ஆரம்பித்ததும் கட்டர் முரண்டு பிடித்தது. தாடைக்கு இரு பக்கமும் தகடு முட்டியது. அவர் இன்னும் அழுத்தினார். வெட்டு கோட்டை விட்டு வெளியே ஓடி, விளிம்பு படிக்கட்டு மாதிரி கோணல்மாணலாகிவிட்டது.

கீழே இருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "டேய் தம்பி, மஞ்சளை வச்சிட்டு பச்சையை எடுடா. அது நேரா போறதுக்கு."

பக்கத்துச் சாரத்தில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது, பீகார்க்காரர். அவரிடம் "ஹரா வாலா தே தோ" என்றார் அதே மேஸ்திரி. பச்சைப் பிடி போட்ட கட்டர் ஒன்று அந்தச் சாரத்திலிருந்து இந்தச் சாரத்துக்குக் கைமாறியது. இப்போது அதே வட்டம், அதே தகடு, அதே கை. கட்டர் வலப்பக்கமாகத் திரும்பித் திரும்பிப் போய், கீறிய கோட்டை விடாமல் பிடித்து வந்து முடித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பார்கள். இங்கே கூடமே கோணலாகத்தான் இருந்தது.

இந்த மூன்று நிறக் கணக்கு தெரிந்துவிட்டால் கட்டர் வாங்குவதில் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் நேர்வெட்டுக்கு, பெரிய வளைவுக்கு. சிவப்பு நேராகவும் இடப்பக்கம் வளைந்தும் வெட்டும். பச்சை நேராகவும் வலப்பக்கம் வளைந்தும் வெட்டும். குழம்பினால் விமானத்தை நினைத்துக்கொள்ளலாம்: அதன் இடது இறக்கை நுனி விளக்கு சிவப்பு, வலது இறக்கை நுனி விளக்கு பச்சை. இந்தக் கட்டர்களுக்கு விமானத்தோடு உறவும் உண்டு. விமானம் கட்டும் தொழிலில் அலுமினியத் தகடு வெட்டுவதற்காக உருவானவை என்பதால்தான் இன்றும் கடையில் ஏவியேஷன் கட்டர் என்று கேட்கிறார்கள். 1848ல் அமெரிக்காவின் நியூவார்க் நகரில் தொடங்கிய விஸ் நிறுவனத்தின் கட்டர்களில் எம்-1 என்றால் சிவப்பு, எம்-2 பச்சை, எம்-3 மஞ்சள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. எல்லாக் கட்டருக்கும் ஒரே நிறத்தில் பிடி போடும் கம்பெனிகளும் உண்டு. அங்கே தாடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாடையில் என்ன வித்தியாசம்? சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்துக் காட்டினார் மேஸ்திரி. ஒன்றை நிலைக்கண்ணாடியில் பார்த்தால் மற்றது தெரியும், அவ்வளவுதான். ஒன்றில் கீழ்த்தாடை எந்தப் பக்கம் இருக்கிறதோ, மற்றதில் அதற்கு எதிர்ப்பக்கம். "அப்போ சிவப்பைக் கவுத்துப் பிடிச்சா பச்சை ஆயிடாதா?" என்று கேட்டேன். சிரித்தார். "எல்லாரும் கேக்கறதுதான் சார். கவுத்துப் பாருங்க." கவிழ்த்தேன். மேல்தாடை கீழே போனது, கூடவே பக்கமும் மாறியது. ஆக, பழைய நிலைமைதான். இடது இடதாகவே இருந்தது. ஒரு கட்டரை வாங்கி இரண்டு பக்கமும் ஓட்டலாம் என்ற கணக்கு நடக்காது.

இன்னொரு விஷயமும் அங்கேயே தெரிந்தது. எந்தக் கட்டராக இருந்தாலும், வெட்டும்போது ஒரு பக்கத் தகடு தட்டையாக நிற்கும், மறுபக்கம் சுருண்டு மடங்கும். சுருளும் பக்கம் கழிவுத் துண்டாக இருக்க வேண்டும், நமக்கு வேண்டிய தகடு தட்டையாக நிற்க வேண்டும். ஆகவே நேர்வெட்டு வெட்டும்போதுகூட சிவப்பா பச்சையா என்பதைக் கழிவு எந்தப் பக்கம் விழப்போகிறது என்பதே தீர்மானிக்கிறது. புதுக் கட்டர் வாங்கினால் முதலில் ஒரு துண்டுத் தகட்டில் வெட்டி, எந்தப் பக்கம் சுருட்டுகிறது என்று பார்த்து மனதில் பதித்துக்கொள்வதே நல்லது.

சாரத்தில் ஏறிப் பார்க்க அனுமதித்தார்கள். தலைக்கு மேலே கையைத் தூக்கி டக்டின் அடியில் வெட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பது அங்கே நின்றால்தான் விளங்கும். சாதாரண நேர்ப்பிடிக் கட்டரில் கை விரல்களின் கணுக்கள் வெட்டிய விளிம்புக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. வெட்டு நீள நீள, கையே அந்த வெட்டுக்குள் நுழைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த இளைஞரின் வலது கைக் கணுக்களில் ஆறிய தழும்புகள் வரிசையாக இருந்தன. மேஸ்திரியின் கட்டர் வேறு மாதிரி. தாடை ஒரு மட்டத்தில், பிடி அதிலிருந்து சற்று வளைந்து தள்ளி இன்னொரு மட்டத்தில். ஆஃப்செட் என்கிறார்கள். கை தகட்டை விட்டு விலகியே இருக்கிறது. நீளமாக வெட்டினாலும் உரசல் இல்லை. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் டக்ட் வேலைக்காரர் ஒருவர் சாதாவை வாங்கி மிச்சம் பிடிக்கும் பணம் டிஞ்சருக்கும் பிளாஸ்திரிக்கும் போய்விடும். விஸ் எண்களில் சொன்னால் இடது ஆஃப்செட் எம்-6, வலது எம்-7.

வட்டம் முடிந்ததும் காலர் வேலை. உருட்டிய தகட்டு வளையத்தின் ஓரத்தில் ஓர் அங்குல இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்ன வெட்டுகள். அந்தப் பற்களை ஒன்று விட்டு ஒன்று வெளியே மடித்து, ஓட்டையில் செருகி, மிச்சத்தை உள்ளே கைவிட்டு மடித்துத் தட்டினால் காலர் கவ்விக்கொள்கிறது. இதற்கு எந்த நிறமும் போதும். வெட்டின் ஆழம் ஒரே அளவில் இருக்க வேண்டும், அவ்வளவே.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இந்த டக்ட்களைச் செய்து அனுப்பும் பட்டறை. இங்கே கைக்கட்டருக்கு மதிப்பு குறைவு. பெரிய ஷியரிங் மிஷின் எட்டடிக்கு நாலடித் தகட்டை ஒரே வீச்சில் நறுக்கிப் போடுகிறது. மூலை எடுக்க ஒரு மிஷின், மடிப்புக்கு ஒரு மிஷின். ஆனால் சுவரோரம் பெஞ்சில் கிடந்த ஒரு பொருளைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பழைய தகரக் கத்தரி. ஒரே ஆணி, ஸ்பிரிங் கிடையாது, நீண்ட பிடி, கனமான தாடை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி புனலும் முறமும் டிரங்குப் பெட்டியும் செய்தவர்கள் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறு பிடியை உடம்பின் எடையால் அழுத்தி வெட்டுவார்களே, அதே கத்தரி. பட்டறை ஃபோர்மேன் அதை இன்னும் விடவில்லை. "ரெண்டடி நேர்கோடு, சுத்தமான விளிம்பு வேணும்னா இதுதான்" என்றார். ஒவ்வொரு கடிக்கும் நீளமாக வெட்டுவதால் விளிம்பில் ஒட்டுப் போட்ட தடம் குறைவு. பல் இல்லாத தாடை என்பதால் விளிம்பும் மழமழவென்று வருகிறது. கை வலுதான் நிறைய வேண்டும்.

ஏவியேஷன் கட்டரில் இரண்டு நெம்புகோல் அடுக்கு இருப்பதால் அதே வேலைக்குப் பாதி பலம்கூட வேண்டாம். பதிலுக்குத் தாடை குட்டை. தகடு வழுக்காமல் இருக்கத் தாடையில் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருப்பார்கள். அந்தப் பல்லின் அச்சு விளிம்பில் விழும். டக்டுக்குள் போய் மறையும் விளிம்புக்கு அது பிரச்சினை இல்லை. பெயர்ப்பலகைக்குப் பித்தளை வெட்டுகிறவருக்குப் பிரச்சினைதான். அவர் பல்லில்லாத தாடை கேட்டு வாங்க வேண்டும்.

ஃபோர்மேன் ஒரு துண்டை எடுத்து வெட்டிக் காட்டினார். கையுறை போட்ட விரலால் விளிம்பைத் தடவச் சொன்னார். சீரான இடைவெளியில் சின்னச் சின்ன முள் தட்டுப்பட்டது. அடுத்த துண்டில் முள்ளே இல்லை. கட்டர் அதேதான். முதல் துண்டில் ஒவ்வொரு கடியிலும் தாடையை நுனிவரை மூடியிருந்தார். நுனி மூடும் இடத்தில்தான் தகடு பக்கவாட்டில் கிழிந்து பிசிறு எழுகிறது. இரண்டாவதில் நுனி மூடுவதற்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, தாடையின் தொண்டைவரை தகட்டை உள்ளே தள்ளி, மறுபடி வெட்டினார். வெட்டு ஒரே ஓட்டமாக வந்தது. கையைக் கிழிப்பது அந்த முள்தான் என்பதால், இது அழகுக்காகச் சொல்லும் பாடம் மட்டும் இல்லை.

தடிமன் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கட்டரின் மேல் 18 கேஜ் என்று அச்சிட்டிருக்கும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். டக்டுக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 655. அதன்படி பெரிய பக்கம் 750 மி.மீ. வரையுள்ள டக்டுக்கு 0.63 மி.மீ. தகடு, அதாவது 24 கேஜ். 1,500 வரை 0.8 மி.மீ., 22 கேஜ். அதற்கு மேல் 2,250 வரை 1 மி.மீ., 20 கேஜ். இவை எல்லாமே 18 கேஜ் கட்டருக்கு அடக்கம் என்று தோன்றும். காகிதத்தில் சரி. ஆனால் டக்டின் மூலையில் மடிப்பு இருக்கிறதே! அங்கே தகடு நாலு அடுக்காகிவிட்டால் 24 கேஜ்கூட இரண்டரை மில்லிமீட்டர். சைட்டில் ஓட்டையை நீட்டி வெட்டும்போது கட்டர் உடைவது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான். மடிப்பை வெட்டவென்றே குட்டைத் தாடை, நீளப் பிடி வைத்த கட்டர் உண்டு, புல்டாக் என்பார்கள். அது இல்லாதவர்கள் மடிப்பை முதலில் உளியால் திறந்துவிட்டு ஒவ்வோர் அடுக்காக வெட்ட வேண்டும்.

அந்த 18 கேஜ் என்ற எண்ணும் சாதாரண மென்இரும்புத் தகட்டுக்குச் சொன்னது. ஸ்டெயின்லெஸ் என்றால் கதை வேறு. ஹோட்டல் சமையலறைப் புகைப்போக்கிக்கு 304 ஸ்டெயின்லெஸ் தகடு போடுகிறார்கள். அது வெட்ட வெட்ட இறுகும் உலோகம். மென்இரும்பில் 18 வரை போகும் நல்ல கட்டர் ஸ்டெயின்லெஸ்ஸில் 22, 23 கேஜோடு நின்றுவிடும். "அதுக்கு மேல கையால வேண்டாம் சார். நிப்ளர் மிஷின் எடுத்துக்கலாம், இல்லன்னா பட்டறையிலேயே வெட்டி எடுத்துட்டுப் போயிடலாம்" என்றார் ஃபோர்மேன்.

கிரைண்டர் இருக்கும்போது கட்டர் எதற்கு என்ற கேள்விக்குப் பதிலைப் பக்கத்து ஷெட்டில் நேரிலேயே பார்த்தேன். வண்ணம் பூசிய கூரைத் தகட்டை இரண்டு பேர் கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வேகம் என்னவோ வேகம்தான். ஆனால் தெறிக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் சூடான இரும்புத்துகள். அது பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு, ஒரு மழை பெய்ததும் பழுப்புப் புள்ளியாகத் துருவேறும். வெட்டிய விளிம்பிலும் துத்தநாகம் சூட்டில் கருகி, துரு உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. கைக்கட்டரில் சூடு இல்லை. ஓரத்துத் துத்தநாகம் அப்படியே நின்று மெல்லிய விளிம்பைக் காக்கும். கூரைத் தகடு செய்யும் கம்பெனிகளே அறுக்கும் சக்கரம் வேண்டாம் என்று சொல்கின்றன. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மண்ணடிக்கு வந்தேன். பாரிமுனைக்குப் பின்னால் உள்ள இந்தத் தெருக்களில் ஹார்டுவேர் கடைகளுக்குக் குறைவில்லை, மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போக வேண்டும். நாசிக்கில் தயாராகும் டபாரியா, வெளிநாட்டு ஸ்டான்லி, பெயர் கேள்விப்படாத பத்து வகைகள், பிரபல பெயரை ஓர் எழுத்து மாற்றி ஒட்டிய ஸ்டிக்கர்கள், எல்லாம் ஒரே ஆணியில் தொங்குகின்றன. பிளாஸ்டிக் உறையை வெட்டித் திறந்து காட்டச் சொன்னதும் முதல் கடைக்காரர் முகம் சுளித்தார். அடுத்த கடையில் பெரியவர் ஒருவர், "தகடு கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே உறையைப் பிரித்தார். அம்பத்தூரில் வாங்கி வைத்திருந்த 24 கேஜ் துண்டை நீட்டினேன். வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் இப்படி ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. காகிதத்தை வெட்டிக் காட்டும் கடைக்காரர்களும் உண்டு. காகிதத்தை அழகாக வெட்டும் கட்டர் தகட்டில் மடக்கிக்கொண்டு நிற்கும்.

பெரியவர் சொல்லித்தந்தபடி பார்த்தேன். கட்டரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இரு தாடையும் உரசும் இடத்தில் நுனிவரை ஒரே மெல்லிய கோடு தெரிய வேண்டும். நடுவில் வெளிச்சம் பிளந்து தெரிந்தால் அந்தக் கட்டர் மெல்லிய தகட்டை வெட்டாது, மடித்துத் தாடைக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு ஆணி மரை. கையால் ஆட்டினால் தாடை பக்கவாட்டில் ஆடக் கூடாது. கொஞ்சம் தளர்ந்தால் இறுக்கிக்கொள்ள நட் இருக்கிறதா, இல்லை அடித்து மூடிய ரிவெட்டா என்று பார்க்க வேண்டும். ரிவெட் என்றால் ஆட ஆரம்பித்த நாளோடு அதன் ஆயுள் முடிந்தது. பூட்டும் கொக்கியை வேலை செய்கிற அதே கையின் கட்டைவிரலாலேயே தள்ளித் திறக்க முடிய வேண்டும். சாரத்தில் நிற்கிறவருக்கு மறு கை சும்மா இருக்காது. கடைசியாக, பிடியை முழுதாக மூடிப் பார்த்தேன். ஒரு கட்டரில் இரண்டு பிடியும் முட்டி உள்ளங்கைச் சதையைக் கிள்ளியது. அதை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்னக் கை உள்ளவர்கள், குறிப்பாக இப்போது ஐ.டி.ஐ. முடித்து இந்த வேலைக்கு வரும் பெண்கள், பிடி முழுதாக விரியும்போது விரல் நுனி எட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாணை பிடிப்பதைப் பற்றிக் கேட்டேன். பழைய தகரக் கத்தரியைச் சாணை பிடிக்கலாம், பிடித்துப் பிடித்துத் தலைமுறை ஓட்டலாம். பல் வைத்த ஏவியேஷன் கட்டரைச் சாணைக்குக் கொடுத்தால் பல்லும் போய், தாடையின் சந்திப்பும் தளர்ந்து திரும்பி வரும். அது மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான். மழுங்காமல் வைத்திருக்க ஒரே வழி, அதால் ஆணியும் கம்பியும் வெட்டாமல் இருப்பது. சைட்டில் பிளையர் கைக்கெட்டவில்லை என்று கட்டரால் கட்டுக்கம்பியைக் கடிக்கிறார்கள். தாடையில் ஒரு பள்ளம் விழுகிறது. அன்றிலிருந்து வெட்டும் ஒவ்வொரு விளிம்பிலும் அந்தப் பள்ளத்துக்கு நேரே ஒரு முள்.

இனி எந்தக் கட்டர் வாங்குவது? கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது மஞ்சளை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களும் நேர்வெட்டுதானே அதிகம் என்று அதையே வாங்குகிறார்கள். நான் பார்த்தவரையில் அது தப்புக் கணக்கு. சிவப்பும் பச்சையும் நேராகவும் வெட்டும், வளைத்தும் வெட்டும். மஞ்சளுக்குச் சின்ன வளைவு வராது. இரண்டு வாங்கப் பணம் இருந்தால் ஆஃப்செட் சிவப்பு ஒன்று, ஆஃப்செட் பச்சை ஒன்று. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் இந்த இரண்டில், துண்டுத் தகட்டில் வெட்டிப் பார்த்து உங்கள் கைக்கு எது இணங்குகிறதோ அது. பட்டறையில் நீளவெட்டு நிறைய இருந்தால் மூன்றாவதாகப் பழைய தகரக் கத்தரி ஒன்று. மஞ்சள் அதற்கப்புறம் வரட்டும். கூடவே, வெட்டுத் தாங்கும் கையுறை ஒரு ஜோடியை அதே பில்லில் போடச் சொல்லுங்கள்.